டாக்டர் வருவதற்குள்

புதன்கிழமை காலை ரமணி கணவனின் முகத்தை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். இரவெல்லாம் மூச்சுக்கு உதவிய முகமூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கட்டிலுக்கு மேலே இரும்புக் கை ஒன்றில் பொருத்தியிருந்த கணினியை இழுத்து அவன் முகத்துக்கு நேரே நிறுத்திப் பொத்தானை அழுத்தினாள். வழக்கமாக அவள் பாலை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் திரையில் எழுத்துகள் வந்திருக்கும். லோகன் அவற்றைப் பார்த்துப் பார்த்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அன்று அறையில் சத்தமே இல்லை. கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடி வந்து பாதியில் நின்றுபோயிருந்தன.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். அதே வரிகள் ஓடின, அதே இடத்தில் நின்றன. கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"கெர்னல் பேனிக்... நாட் சிங்கிங்... என்னங்க இது? என்னமோ பேனிக்னு போட்டிருக்கு?"

லோகன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை. சொல்கிற வாய் அந்த மெஷின்தான்.

லோகனுக்கு நாற்பத்தொன்பது வயது. சைபர்ஜெயா நகரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்த்தவன். கம்பெனிகளின் பெரிய கணினிகள் விழுந்தால் எழுப்பி நிறுத்துவது அவன் தொழில். கிள்ளானில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்து ஓராண்டு ஆகும்முன், ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறியது. மோட்டார் நியூரான் நோய் என்று பிறகு தெரிந்தது. கை, கால், கழுத்து, நாக்கு என்று தசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அறிவு மட்டும் பழையபடி கூர்மையாக இருந்தது. கண்கள் அசைந்தன.

இப்படி ஆகும் என்று தெரிந்தவுடன் அவன் அழுதுகொண்டிருக்கவில்லை. விரல்களில் தெம்பு இருந்தபோதே லினக்ஸ் மென்பொருளைப் போட்டு இந்தக் கணினியைத் தன் கையாலேயே அமைத்தான். திரைக்குக் கீழே ஒரு சின்ன கேமரா அவன் பார்வையைத் தொடரும். அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அது பதியும். பதிந்ததைக் கணினி வாசிக்கும். வாசிப்பது அவனுடைய குரலிலேயே. நாக்கு தடிக்க ஆரம்பித்த நாட்களில் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படித்து வைத்திருந்தான். கொஞ்சம் ஏற்ற இறக்கம் இல்லாத குரல்தான். ஆனாலும் அடுப்படியிலிருந்து கேட்டால் லோகன் கூப்பிடுகிறான் என்றே ரமணிக்குத் தோன்றும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணையும் அந்தக் குரல்தான்.

வேறொரு நாளாக இருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அன்று பிற்பகல் டாக்டர் ஜனகா வருகிறார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் அந்த அம்மாள் சென்ற முறை எதையும் மறைக்காமல் பேசியிருந்தார். "மூச்சுத் தசையும் இளைக்கத் தொடங்கிட்டுது லோகன். இன்னும் கொஞ்சக் காலத்தில முகமூடி மட்டும் போதாது. கழுத்தில துளை போட்டுக் குழாய் வைச்சு வென்டிலேட்டரில இருக்கலாம். இல்லை, அது வேண்டாம், நோவில்லாமப் பார்த்துக்கொண்டால் போதும் எண்டும் சொல்லலாம். உங்கட முடிவு அது. அவசரத்தில ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்க யாரோ முடிவெடுக்கிற மாதிரி வரக் கூடாது."

லோகன் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை சொல்றேன். அண்ணனும் இருக்கட்டும். எல்லாரும் ஒன்னாக் கேளுங்க" என்றான்.

அதற்குப் பிறகு ரமணி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். "புதன்கிழமை" என்பதுதான் அவனுடைய பதில்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுத்துப் பலகையை ரமணி தேடி எடுத்தாள். ஆங்கில எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. மெஷின் வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அவள் வரிசையைச் சொல்வாள், பிறகு எழுத்தைச் சொல்வாள். சரியென்றால் லோகன் கண்ணை மேலே உயர்த்துவான். இல்லையென்றால் மூடிக்கொள்வான். தமிழ் வார்த்தைகளையும் ஆங்கில எழுத்துகளில்தான் கூட்டுவார்கள்.

தூசியைத் துடைத்துவிட்டு அவன் முன்னால் பிடித்தாள்.

முதல் வார்த்தை 'வீடியோ' என்று வந்தது.

"வீடியோவா? என்னா வீடியோ? ஓ... இது ஓடுறத போன்ல எடுக்கணுமா?"

கண்கள் மேலே போயின.

கணினியை மறுபடி முடுக்கி, ஓடும் வரிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்தி அவனுக்குக் காட்டினாள். ஆரம்ப வரிகளில் ஒன்றில் அவன் பார்வை நின்றது. ஒரு நீளமான எண். அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு பலகையைத் தேடினான். 'புது' என்பதுவரை எழுத்துகள் வந்தன.

"புதுசு வாங்கணுமா?"

கண்களை மூடினான். பொறுமையாக மறுபடி ஆரம்பித்தான். 'புது கெர்னல்' என்று வந்து முடிய வெகுநேரம் ஆயிற்று. இடையில் ரமணி முந்திக்கொண்டு சொன்ன வார்த்தைகளெல்லாம் தப்பாகப் போயின.

அப்போது வாசலில் கார் நின்றது. லோகனின் அண்ணன் குரு ரவாங்கிலிருந்து வந்துவிட்டார். அங்கே லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். தகப்பன் இறந்த பிறகு படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்க வைத்தவர். வழியில் வாங்கிய தோசைப் பொட்டலங்களோடு உள்ளே வந்தவர், தம்பியின் நெற்றியில் கை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"என்னா ஆச்சு இதுக்கு?"

"காலையிலேர்ந்து எழுந்திரிக்க மாட்டேங்குது மாமா. கெர்னலோ என்னமோ சொல்லுது."

"கெர்னல்னா?"

"இவங்கதான் ஒரு தடவை சொன்னாங்க. மெஷின் முழிக்கும்போது அதுதான் முதல்ல முழிக்குமாம். அது முழிச்சுத்தான் மத்ததையெல்லாம் எழுப்பணுமாம்."

குரு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பழக்கக்காரர் ஒருவரைக் கைப்பேசியில் பிடித்தார். விஷயத்தைச் சொன்னார். "ஆமா பாஸ்... சரி பாஸ்" என்று கேட்டுக்கொண்டு வைத்தார்.

"ரொம்ப ஈசியாம் லா. எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுக் குடுத்துடுறேங்கிறான். நான் இப்பவே கழட்டிக் கொண்டு போறேன்."

பிளக்கை நோக்கிக் குனிந்தார். லோகனின் கண்கள் பரபரவென்று அசைந்தன. ரமணி பலகையை உயர்த்தினாள். வரிசை, எழுத்து. வரிசை, எழுத்து.

வே. ண். டா.

ஒரு கணம் அவளுக்குக் கணினி நினைவிலேயே இல்லை. பிற்பகலில் அவன் சொல்லப்போவதைத்தான் இப்போதே சொல்லிவிட்டான் என்று நினைத்தாள்.

"எது... எதுங்க வேண்டாம்? ஃபார்மேட்டா?"

கண்கள் உடனே மேலே போயின.

"ஃபார்மேட் வேண்டாங்கிறாங்க மாமா. இருங்க."

குரலின் நகலை லோகன் வேறு இடத்திலும் சேமித்து வைத்திருந்தான். அது அழிந்துபோகும் என்று அவன் பயப்படவில்லை. ஆனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால், கேமராவை அவன் கண்ணுக்குப் பழக்கி, குரலைச் சேர்த்து, ஒவ்வொன்றாக மறுபடி அமைக்க வேண்டும். அதைச் செய்த விரல்கள் இப்போது போர்வையின் மேல் கிடந்தன. டாக்டர் வருவதற்குள் நடக்கிற காரியம் அல்ல.

அடுத்ததாக அவன் சொன்னது 'ஷிஃப்ட்'. அலமாரியிலிருந்து பழைய கீபோர்டை எடுத்து மாட்டச் சொன்னான். கணினி முழிக்கும்போது அந்த விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும், அதிலிருந்து பழைய கெர்னலை எழுப்பலாம் என்று அவளுக்குப் புரிந்தது. அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. கொஞ்சம் முன்னால் அழுத்திப் பார்த்தாள். பின்னால் அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளை வரிகள் வந்து நின்றன. லோகன் களைத்துப்போய்க் கண்ணை மூடினான். இந்தத் தடவை அது 'இல்லை' என்பதற்காக அல்ல. பலகையைப் பார்த்துப் பார்த்து அவன் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

வயிற்றுக் குழாய் வழியாக அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, ரமணி அடுப்படிக்குப் போய் நின்றாள். குரு பின்னாலேயே வந்தார்.

"ரமணி, எதுக்குமா இவ்ளோ கஷ்டப்படுற? டாக்டர் வருவாங்க. 'குழாய் போடலாமா லோகன்'னு கேப்பாங்க. அவன் மேல பாத்தா ஆமா. அவ்ளோதானே?"

"கீழ பாத்தா? கண்ண மூடிட்டா?"

குரு தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

"மூடுவான்னுதான் எனக்கும் பயமா இருக்கு" என்றார் பிறகு. "அவனப் பத்தி எனக்குத் தெரியும். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனைப்பான். ஆனா குழாய் போட்டு எத்தனையோ பேரு வருஷக்கணக்கா இருக்காங்க. நான் விசாரிச்சுட்டேன். ராத்திரிக்கு ஆள் வேணுமா, நான் வச்சுத் தரேன். பட்டறைய வித்துட்டு இங்கயே வந்து உக்காந்துக்குறேன். மெஷின் இல்லேன்னா நீதானே ரமணி அவனுக்கு வாய்? அவன் கண்ணுல என்னா சொல்றான்னு நீ சொன்னா டாக்டர் கேட்டுக்குவாங்க. களைச்சுப் போயிருக்கான், அடுத்த மாசம் கேளுங்கன்னு சொல்லு. கொஞ்ச நாள் ஓடட்டும். அதுக்குள்ள மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரியில அவங்களே போட்டுருவாங்க."

சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்று ரமணிக்குத் தெரியும். அவர் சொன்னதைத் தானும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. மெஷின் எழுந்திருக்காவிட்டால் அவன் இன்று ஒன்றும் சொல்ல முடியாது. சொல்லாதவரை அவன் இருப்பான். ஷிஃப்டை அழுத்தியபோது உள்ளுக்குள் ஒரு மூலையில் அது வேலை செய்யாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ, அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

திரும்பப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பலகையை எடுக்கவில்லை.

"என்னங்க" என்றாள். "இது சரியாச்சுன்னா, வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?"

லோகன் அவளைப் பார்த்தான். கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை.

"எனக்குத் தெரியணும். நான் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா உங்களுக்கு எடுத்துக் குடுக்குறேன். நீங்க அத வச்சு..." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் பார்வை அவளைவிட்டு நகரவில்லை. பிறகு பலகை இருந்த பக்கம் பார்த்தான்.

அவள் எடுத்துப் பிடித்தாள். இந்தத் தடவை எந்த வார்த்தையையும் முந்திக்கொண்டு முடிக்கவில்லை. கடைசி எழுத்துவரை காத்திருந்தாள்.

'முதல்ல சரி பண்ணு. நான் பேசணும்.'

கண்களைத் துடைத்துக்கொண்டு பலகையை மறுபடி நேராகப் பிடித்தாள். பிறகு, "சரி, சொல்லுங்க. அடுத்து என்னா?" என்றாள்.

அடுத்தது 'எஸ்கேப்'. கணினி முழிக்கத் தொடங்கியதும் அந்த விசையைப் படபடவென்று தட்டினாள். வெள்ளை வரிகள் ஓடவில்லை! ஆனால் எதிர்பார்த்த பட்டியலும் வரவில்லை. வெறும் கருப்பில் ஒரு வார்த்தை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ரமணி திகைத்துப்போய் லோகனைப் பார்த்தாள். அவன் கண்களில் லேசான சிரிப்பு தெரிந்தது. வேலைக்குப் புதிதாகச் சேரும் எல்லாரும் செய்கிற தப்பு அது.

'ஒரு தடவை போதும்' என்று கூட்டினான்.

கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குரு உள்ளே வந்தார். கணினியை அணைத்து மறுபடி முடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். "நீ கீபோர்ட பாத்துக்கோ" என்றார்.

இரண்டு தடவை தவறியது. ஒரு தடவை சீக்கிரம், ஒரு தடவை தாமதம். அதற்கடுத்த முறை ரமணி சரியான கணத்தில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். திரையில் பட்டியல் வந்தது. லோகனின் கண்கள் இரண்டாவது வரிக்குப் போவதை அவளே பார்த்தாள். அம்புக்குறியால் அங்கே இறங்கி அழுத்தினாள். இன்னொரு பட்டியல். ஒரே பெயர், எண்கள் மட்டும் வேறு வேறு. மேலே இருந்தது காலையில் கைப்பேசியில் பார்த்த எண். அதற்குக் கீழே பழையது.

"இதுவா?"

கண்கள் மேலே போயின.

அழுத்தினாள். வரிகள் ஓடின. காலையில் நின்ற இடத்தைத் தாண்டி ஓடின. திரை ஒரு கணம் இருண்டது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் வந்து அமர்ந்தன. கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. லோகனின் பார்வை திரையில் இங்குமங்கும் போய்ப் போய் நின்றது.

"தேங்ஸ் ரமணி" என்றது அவன் குரல்.

குரு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டுவிடுவான் என்று ரமணி நினைத்தாள். லோகன் விடவில்லை. கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, கண்ணாலேயே ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினான். அவன் வேலை செய்வதை அவள் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. முன்பெல்லாம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தால் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துவைத்து, அவள் கேட்பது எதுவும் காதில் விழாமல் இப்படித்தான் இருப்பான். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"ராத்திரி அப்டேட் தானா ஓடியிருக்கு" என்றான் இடையில் நிறுத்தி. "புது கெர்னல் வந்திருக்கு. அது டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் துணைக்கு ஒரு ஃபைல் வேணும். அதை வைக்கிற இடம் ரொம்பிப் போச்சு. பழசையெல்லாம் நான் துடைக்காம விட்டுட்டேன். ஃபைல் பாதியில நின்னுடுச்சு."

"அதனால எழுந்தும் வழி தெரியாம நின்னுடுச்சா?" என்றார் குரு.

"ஆமாண்ணே."

பழையவற்றைத் துடைத்தான். பாதியில் நின்ற ஃபைலை மறுபடி எழுதச் செய்தான். எல்லாம் முடிந்தது என்று ரமணி எழுந்தபோது, "இப்ப ரீஸ்டார்ட் பண்றேன்" என்றான்.

"ஐயோ, எதுக்குங்க? இப்பதான் வேலை செய்யுதே. டாக்டர் வர்ற நேரம். விட்டுடுங்க."

"சரியா எழுந்திரிக்குதான்னு பாக்கணும். அவங்க முன்னாடி விழக் கூடாது."

திரை இருண்டது. மூவரும் அதையே பார்த்தார்கள். தெருவில் துறைமுகத்துப் பக்கம் போகும் லோரி ஒன்று வீட்டை அதிர வைத்துக்கொண்டு கடந்தது. ரமணி தன்னையறியாமல் லோகனின் கையைப் பிடித்திருந்தாள். அது எழுந்திருக்கட்டும் என்றுதான் இப்போது வேண்டினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

எழுந்தது.

டாக்டர் ஜனகா மழையோடு வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, லோகனின் மூச்சை அளந்து, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டு, பிறகு நாற்காலியை இழுத்து அவன் முகத்துக்கு நேராக அமர்ந்தார்.

"போன முறை ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனன். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றான் லோகன். பிறகு அவன் கண்கள் திரையில் வெகுநேரம் நடந்தன. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரமணி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"குழாய் வேண்டாம். முகமூடி போதும்கிற வரைக்கும் முகமூடி. அப்புறம் வீட்டுலயே இருக்கேன்."

"டேய்" என்றார் குரு.

"அண்ணே, நீங்க கேளுங்க. எது வேணும்னாலும் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

"எங்களுக்குப் பாரமா இருப்பேன்னு நெனைக்கிறியா? அதானா?"

"கொஞ்சம் அதுவும் இருக்கு. அது மட்டும் இல்ல." மறுபடி கண்கள் நடந்தன. "காலையில இது விழுந்துச்சு. ரமணி பலகையை எடுத்தா. நான் பாதி சொல்றதுக்குள்ள அவ மீதியைச் சொல்லிடுவா. தப்பா இருந்தா நான் கண்ண மூடினேன். தப்புன்னு சொல்றதுக்கு எனக்குக் கண்ணு இருந்துச்சு. குழாய் போட்டா உடம்பு ரொம்ப நாள் இருக்கும். கண்ணு எத்தனை நாள் இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதுவும் நின்னா நான் உள்ள இருப்பேன். நீங்க என்னா சொன்னாலும் தப்புன்னு சொல்ல முடியாது. அப்படி இருக்க எனக்கு முடியாதுண்ணே. இன்னைக்கு எடுத்த முடிவு இல்ல. ரொம்ப நாளா இருக்கு."

குரு இரண்டாவது தடவையும் கேட்டார். நிஜமாகவே வேண்டாமா என்று. வேண்டாம் என்றான். மூன்றாவது தடவையும் கேட்டார். லோகன் அதே வார்த்தையைச் சொல்லி, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சேர்த்தான். குரு எழுந்து வெளியே போனார். மழையில் காரைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமா இருக்கோ லோகன்?"

"இருக்கு."

"எதை நினைச்சு?"

"மூச்சு முட்டுறது."

"அதுக்கு மருந்து இருக்கு. இந்த வீட்டில வைச்சே தருவம். நான் வருவன். இடையில மனம் மாறினா மாத்திக்கொள்ளலாம், அதில வெக்கம் ஒண்டும் இல்லை."

"மாறினா நானே சொல்றேன்."

டாக்டர் ரமணியைத் திரும்பிப் பார்த்தார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தோளில் ஒரு முறை கை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகு லோகன்தான் முதலில் கேட்டான்.

"ரமணி, கோவமா?"

"இல்ல" என்றாள். போர்வையை இழுத்துவிட்டபடி, "ஆமா. கோவம்தான்" என்றாள்.

"சரி. கோவப்படு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. அவன் தலையணையைச் சரி செய்தாள். குரு ஈரச் சட்டையோடு உள்ளே வந்து, தம்பியின் காலடியில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். இருட்டும்வரை தேய்த்துக்கொண்டிருந்தார்.

லோகன் அதற்குப் பிறகு தீபாவளியையும் பார்த்தான், பொங்கலையும் பார்த்தான். குரு வாரத்தில் பாதி நாள் கிள்ளானிலேயே தங்கினார். இரவில் அண்ணனும் தம்பியும் பந்து ஆட்டம் பார்ப்பார்கள். குரு கத்துவார், லோகன் அவருக்கு விளையாட்டே தெரியாது என்று கண்ணால் அடித்துச் சொல்வான். ரமணிக்கு அவன் நிறையச் சொன்னான். வீட்டுக் கூரையில் எங்கே ஒழுகும் என்று சொன்னான். கல்யாணத்துக்கு முன் அவளை முதலில் பார்த்தபோது என்ன நினைத்தான் என்று சொன்னான். சில நாள் ஒன்றுமே சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பான். அவளும் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பாள். மனம் மாறியதா என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். அவன் மாறவில்லை. கடைசி வாரத்தில் மருந்து கொடுத்தார்கள். மூச்சு முட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ரமணி தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு நின்றது.

உடலை எடுத்துப்போன அன்று மாலை, வாசலில் போட்ட கூடாரத்தின் கீழ் உறவினர் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கேரி தீவிலிருந்து வந்திருந்த வீரம்மா அத்தை, லோகனின் தகப்பனுடைய தங்கை, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"குழாய் போட்டிருந்தா இன்னும் இருந்திருப்பானே. எங்க எஸ்டேட்ல கூட ஒருத்தனுக்குப் போட்டிருக்காங்க. யாரு வேணாம்னு சொன்னது?"

சில பார்வைகள் உள்ளே, சுவரோரம் உட்கார்ந்திருந்த ரமணியின் பக்கம் போயின. அவள் தலை நிமிரவில்லை.

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த குரு திரும்பினார்.

"அவன்தான் சொன்னான் அத்தை. என் முன்னாடி, அவன் குரல்ல சொன்னான். நான் மூனு தடவை கேட்டேன். மூனு தடவையும் அதைத்தான் சொன்னான்."

"நீ ஒத்துக்கிட்டியா?"

"நான் ஒத்துக்கல" என்றார் குரு. "அவன் சொன்னான்."

வீரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினார். குரு மிச்ச நாற்காலிகளையும் அடுக்கி முடித்தார். கொஞ்ச நேரத்தில் ரமணி எழுந்து வெளியே வந்து, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.